பார்த்ததைச் சொல்லச் சொன்னவன்

1

சென்ற மாதம் என்னை ஒரு விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குற்றம் செய்தவனாக இல்லை, பயப்பட வேண்டாம். பாரிஸுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தில் வேலை செய்கிறேன். காய் நறுக்குவதில் தொடங்கி, வருடங்கள் போகப் போக அடுப்புப் பக்கம் வந்து சேர்ந்தேன். எங்களோடு பாத்திரம் கழுவும் மமாது, மாலி நாட்டுக்காரர். ஒருநாள் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் அவருடைய நிறத்தைச் சொல்லி ஏசிவிட்டார். மமாது புகார் கொடுத்தார். அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்தவர்களில் நானும் ஒருவன்.

அலுவலகத்தில் ஒரு பெண்மணி, “நீங்கள்தானே சாட்சி?” என்று கேட்டார். சாட்சிக்குப் பிரெஞ்சில் தெமுவேன். நாளைக்கு என்பதற்குத் தமேன். இத்தனை வருடம் ஆகியும் என் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் விழுகின்றன. “இல்லை மேடம், நாளைக்கு இல்லை, இன்றைக்குத்தான் வரச் சொன்னீர்கள்” என்றேன். அவர் சிரித்தார். பிறகு எழுதிக் காட்டினார். நானும் சிரித்தேன்.

பார்த்ததைச் சொன்னேன். தட்டச்சு செய்து கொடுத்தார். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். காப்பி கொடுத்தார்கள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனேன். யாரும் என்னை முறைக்கவில்லை. மேற்பார்வையாளரை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். என் தெருவில் ரொட்டி விற்கிறவர் உனக்கு ரொட்டி கிடையாது என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி மாடிப்படியில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சாட்சி சொல்வது இங்கே இவ்வளவு சுலபமான காரியமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

விசாரணை முடிந்து ரயிலில் வீடு திரும்பும்போதே என் தங்கையை நினைத்துக்கொண்டேன். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரைக்கால் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஒரு ஊர்தான் அப்படி என்று படிக்கிறவர்கள் நிம்மதியடைந்துவிடக் கூடாது. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

2

நான் பிரான்சுக்கு வந்தது படிப்பாலும் இல்லை, திறமையாலும் இல்லை. கல்யாணத்தால் வந்தேன். என் மனைவி தெரேஸின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அவர்களைச் சொல்தா என்பார்கள். அந்த வழியில் அவள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. நான் மீனவர் வீட்டுப் பிள்ளை. அவள் நெரவிப் பக்கத்து வயற்காட்டுக் கிராமத்தில் கிறிஸ்தவக் குடும்பம். சாதியில் எங்கள் ஊர் யாருடைய வீட்டில் கை நனைக்காதோ, அந்த வீட்டுப் பெண்.

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சாயத்தார் எங்கள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தெரேஸுக்குப் ‘பிரான்சு மருமவ’ என்று பெயர் வைத்தார்கள். காதல் ஜெயித்துவிட்டது, காலம் மாறிவிட்டது என்றெல்லாம் அப்போது நினைத்துக்கொண்டேன். விமானம் ஏறப்போகிறவன் என்பதால்தான் விட்டார்கள் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. டேவிட் செத்த பிறகுதான் புரிந்தது.

டேவிட் ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பையன். தெரேஸின் கிராமத்துக்குப் பக்கத்துக் கிராமம், அவளுடைய சாதிதான். ஐஸ் கம்பெனியிலிருந்து சின்ன வண்டியில் கட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் ஊர் ஏலக்கூடத்தில் இறக்குவான். மீன்காரப் பெண்கள் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிடுவான், ஐஸ் நொறுக்கிக் கொடுப்பான். எங்கள் தெருப் பெண் ஒருத்தியோடு அவனுக்குப் பழக்கம் என்று பேச்சு வந்தது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் ஏலக்கூடத்துக்குப் பின்னால் மூன்று பேர் அவனை அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அடித்த மூவரில் ஒருவன் என் சித்தப்பா மகன். அந்தப் பெண்ணை அந்த மாதமே எங்கேயோ சொந்தத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

தெரேஸுக்குச் சேதி கோயில் வழியாக வந்தது. எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டாள்.

“நம்ம கல்யாணத்துக்கு உங்க ஊரே வந்து சாப்பிட்டுச்சு. அந்தப் பையன் மட்டும் என்ன பண்ணான்?”

காலணியின் கயிற்றை வெகுநேரம் கட்டிக்கொண்டிருந்தேன்.

3

அதற்கு அடுத்த நாள் மதியம் வளர்மதி கூப்பிட்டாள். என் ஒரே தங்கை. அவள் கணவர் சேகருக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு இருந்தது. அவர் கடலுக்குப் போவார், இவள் ஏலம் எடுத்துக் கூடையில் விற்பாள். ஒரே மகள் நித்யா, நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குப் பரிமாறி முடித்துவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம்.

“அண்ணே, போலீசு தெருவுல வந்து விசாரிக்கிறாங்க. யாரும் வாயத் தொறக்கல.”

“நீ என்ன சொன்ன?”

“நா இன்னும் ஒண்ணும் சொல்லல. நா அங்கதாண்ணே இருந்தேன். கூடை கழுவிக்கிட்டு இருந்தேன். பாத்துட்டேன்.”

நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை. யோசித்துவிட்டு அதையே சொல்லியிருந்தால் அது வேறு. நான் யோசிக்கவில்லை. முந்தின நாள் காலையில் தெரேஸ் கேட்ட கேள்விக்கு என் கையில் ஒரு பதில் வந்து விழுந்ததுபோல இருந்தது.

“பாத்ததப் பாத்தேன்னு சொல்லு வளரு. பயப்படாத. நான் இருக்கேன்.”

“சொல்லட்டுமா?”

“சொல்லு.”

போனை வைத்துவிட்டு மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தெரேஸிடம், “வளர்மதி சாட்சி சொல்லப்போறா. நான்தான் சொல்லச் சொன்னேன்” என்றேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும். தெரேஸ் என் தோளில் கை வைத்தாள். என் மகள் ஆனி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. “அத்தை ரொம்பத் தைரியம்” என்று அவளுடைய அரைத் தமிழில் சொன்னாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் நல்லவர்களாக இருந்தோம்.

நான் இருக்கேன் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அடுத்த தெருவில் இருக்கிறவன் சொன்னால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. கூப்பிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பான். நான் எங்கே இருந்தேன்?

4

வளர்மதி போலீசில் பெயர் சொன்ன மூன்று பேரையும் பிடித்தார்கள். கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்கள். அவர்கள் வந்த வாரம் பஞ்சாயத்து கூடி வளர்மதியின் குடும்பத்தை ஒதுக்கிவைத்தது.

இப்போதெல்லாம் ஒதுக்கிவைப்பதை வாய்விட்டு அறிவிப்பதில்லை. எழுத்தில் எதுவும் இருக்காது. ஏலக்கூடத்தில் வளர்மதி விலை கேட்டால் ஏலம் விடுகிறவருக்குக் காது கேட்காது. ஐஸ் கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். சேகரின் படகுக்கு வந்துகொண்டிருந்த ஆட்கள், இடுப்புவலி, காய்ச்சல் என்று ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். தனியாளாக வலை இழுக்க முடியாது. கடைசியில் அவர் கேரளாவுக்குப் போய் யார் படகிலோ கூலிக்கு ஏறினார். தண்ணீர்க் குழாயடிக்கு இவள் போனால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். எதிர்த்த வீட்டுக் குழந்தை இவள் மடியில் வளர்ந்தது. அது வாசலில் நின்று இவளைப் பார்க்கும். உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஓடிவிடும்.

அவள் இதையெல்லாம் போனில் புலம்பியதில்லை. நான்தான் கேட்டுக் கேட்டு வாங்குவேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, நீ சாப்பிட்டியா?” என்பாள்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மனு எழுதினேன். மின்னஞ்சல் அனுப்பினேன். காரைக்காலில் ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தால், “உங்க மனு புதுச்சேரிக்குப் போயிருக்கு சார்” என்றார்கள். புதுச்சேரிக்குச் செய்தால், “காரைக்காலுக்கு அனுப்பிட்டோமே” என்றார்கள். வேலை நேரத்தில் இந்தப் போன்களைச் செய்யக் கழிப்பறைக்குள் போய் நிற்பேன். ஒருமுறை அங்கேயிருந்தவர், “நீங்க சம்பந்தப்பட்டவருக்கு என்ன உறவு? அவங்கள நேர்ல வரச் சொல்லுங்க” என்றார். நேரில் போனவளை உட்காரவைத்து, பஞ்சாயத்தாரையும் கூப்பிட்டு ஒரு சமாதானக் கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்தார் கைகட்டி நின்று சொன்னார்களாம்: “நாங்க யாரையும் ஒதுக்கலைங்க. பேச இஷ்டமில்லாதவங்க பேசல. பேசித்தான் ஆவணும்னு சட்டம் இருக்கா?” அதிகாரிக்கு அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

இங்கே எங்கள் புறநகரில் காரைக்கால்காரர்கள் கூடும் சங்கம் ஒன்று உண்டு. பொங்கலுக்கு மண்டபம் பிடிப்பார்கள். அங்கே பேசிப் பார்த்தேன். ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போய், “ஊர் விஷயத்த இங்க கொண்டாந்து பெருசாக்காதீங்க தம்பி. எல்லாத் தரப்பும் நம்மள்ல இருக்காங்க” என்றார். அவர் நல்ல மனிதர்தான். தெரேஸுக்கு ஆபரேஷன் நடந்தபோது எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவர்.

நித்யாவுக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. அவர்கள் எங்கள் ஊரோடு கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். ஊர் ஒதுக்கிய வீட்டில் பெண்ணெடுக்க முடியாது என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

5

வழக்கு விசாரணைக்கு வரப் பல ஆண்டு ஆயிற்று. வளர்மதிக்குச் சம்மன் வந்ததும் நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். தெரேஸ் வரவில்லை. “ஒந் தங்கச்சி பக்கத்துல நீ இரு. நா வந்தா அத வச்சே அவங்க வேற பேசுவாங்க” என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வளர்மதியை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று எழுதினால் மிகையாகும். தெரிந்தது. ஆனால் அவள் குரல் மாறியிருந்தது. ஏலக்கூடத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும் குரல் அவளுடையது. இப்போது வீட்டுக்குள்ளேயே மெதுவாகப் பேசினாள். பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நித்யாதான் வழக்கம்போல் பேசினாள். “மாமா, உங்க ஊர்ல நர்சுக்கு வேலை கெடைக்குமா?” என்று கேட்டாள். பிரெஞ்சு படிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், விசா இருக்கிறது என்று நான் விளக்கினேன். பாதியிலேயே அவள் முகத்தில் பதில் வந்துவிட்டது. “பரவால்ல மாமா” என்றாள்.

குணாவைப் பார்க்கப் போனேன். என்னோடு படித்தவன், ஒரே படகில் ஏறிக் கடலுக்குப் போனவன். இப்போது பஞ்சாயத்தில் ஒருவன்.

“வா செல்வம். எப்ப வந்த? ஒரு போன் பண்ணப்படாதா?” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். டீ வந்தது.

“குணா, போதும்டா. வளர்மதியச் சேத்துக்கங்க.”

“நா ஒருத்தன் சொல்லி ஆவுமா? மூணு வூட்டு ஆம்பளைங்க கோர்ட்டுக்கும் வூட்டுக்கும் அலையுறானுவ. அந்தப் பொம்பளைங்க மூஞ்சியப் பாத்து நா என்ன சொல்ல?”

“ஒரு பையன் செத்துட்டான் குணா.”

“செத்தவன் வரப்போறானா? இருக்கறவங்களப் பாரு. ஒனக்கென்ன, அடுத்த வாரம் பிளைட்டு ஏறிடுவ. ஒந் தங்கச்சிதான் இங்க தண்ணி புடிக்கணும்.” டீயை என் பக்கம் நகர்த்தினான். “கோர்ட்டுல முகம் தெரியலன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். மறுநாளே எல்லாம் பழையபடி ஆயிடும். அத நீ சொன்னாத்தான் ஒந் தங்கச்சி கேக்கும். சொல்லச் சொன்னவனே நீதானே.”

“நீ அன்னிக்கு எங்க இருந்த? ஏலக்கூடத்துலதானே இருந்திருப்ப?”

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. “டீ ஆறுது, குடி” என்றான்.

டேவிட்டின் வீட்டுக்கும் போனேன். வயல்களுக்கு நடுவே, வாய்க்கால் கரையில், அரசு கட்டிக்கொடுத்த வீடு. அப்பா சவரிராஜ் நடவு ஆட்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பியவர், என்னைக் கண்டதும் நின்றார். யார் என்று சொன்னேன். தெரேஸின் தாத்தா பெயரைச் சொன்னதும், “சொல்தா வூட்டு மாப்பிள்ளையா? அப்ப நமக்கும் மாப்பிள்ளை மொறதான்” என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அவருடைய மனைவி ஞானம்மாள் உள்ளே நின்றுகொண்டு பேச்சைக் கேட்டார். வெளியே வரவில்லை.

“ஒங்க ஊர்ல அன்னிக்கு எத்தன சனம் இருந்துச்சு மாப்ள. பாத்தேன்னு சொன்னது ஒங்க தங்கச்சி ஒண்ணுதான்” என்றார் சவரிராஜ். “கோர்ட்டுக்கு வரும்ல?”

“வரும்” என்றேன்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் மாலை வளர்மதி அடுப்பங்கரையில் உட்கார்ந்து எனக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குள் யாரும் விற்கவில்லை என்று காரைக்கால் சந்தைக்குப் பஸ்ஸில் போய் வாங்கிவந்த மீன். கடல் வாசலில் இருந்தது.

“நா நாளைக்கு என்ன சொல்லட்டும்ண்ணே?” என்று கேட்டாள்.

நான் சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். உறுதியாக நில், நீ சொல்வதுதான் தர்மம் என்று ஒரு பேச்சு இருந்தது. போதும் வளரு, நீ பட்டது போதும், விட்டுவிடு என்று இன்னொரு பேச்சும் இருந்தது. இரண்டையும் சொல்ல வாய் வரவில்லை. முதலாவதைச் சொல்லலாம் என்றால் அடுத்த வாரம் நான் இங்கே இருக்கமாட்டேன். இரண்டாவதைச் சொல்லலாம் என்றால் சவரிராஜ் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ‘வரும்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

“ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. “அன்னிக்கு மட்டும் ஒனக்குத் தெரிஞ்சிச்சு, இல்ல?” என்றாள். மீனைத் திருப்பிப் போட்டாள்.

6

கோர்ட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றாள். அரசு வக்கீல் பொறுமையானவர். எங்கே இருந்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கூடை கழுவிக்கொண்டிருந்தேன் என்றாள். சத்தம் கேட்டதா? கேட்டது. வெளிச்சம் இருந்ததா?

“இருந்துச்சு” என்றாள். பிறகு, “இல்லீங்க. பொழுது சாஞ்சிபோச்சு. முகம் தெரியல” என்றாள்.

நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். எனக்கு முன்னால் சவரிராஜும் ஞானம்மாளும் இருந்தார்கள். அவர்களின் முதுகு மட்டுமே எனக்குத் தெரிந்தது. அசையவில்லை.

வக்கீல் திரும்பவும் கேட்டார். போலீசில் மூன்று பேரின் பெயரையும் சொன்னீர்களே? சொல்லவில்லை என்றாள். கீழே விழுந்தவரின் பக்கத்தில் போனீர்களா? இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் வெகுநேரம் பேசாமல் நின்றாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். “போவலீங்க” என்றாள். பிறழ்சாட்சியாகக் கருத வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வராந்தாவில் அவர்கள் இருவரும் எதிரே வந்தார்கள். ஒதுங்கிப் போக இடமில்லை. வளர்மதி நின்றாள். கையெடுத்துக் கும்பிடப் போனாள், அதுவும் பாதியில் நின்றுபோயிற்று. சவரிராஜ் அவளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“போங்கம்மா. போயி பொழைங்க” என்றார்.

அதை அவர் எந்த மனதோடு சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மன்னித்துச் சொன்னதாக நானே எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படியும் இருக்கலாம். அந்த வார்த்தைகளை எந்தக் குரலில் சொல்லிப் பார்த்தாலும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

மறுநாள் காலையில் எதிர்த்த வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள். “என்ன வளரு, அண்ணன் வந்துருக்காருன்னு சொல்லவே இல்ல” என்றாள், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவள்போல. ஏலக்கூடத்திலிருந்து ஆள் வந்து, ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுப் போனான். குணா எனக்குக் கருவாடு கட்டிக் கொடுத்தனுப்பினான். சில மாதங்களில் மூன்று பேரும் விடுதலையானார்கள். கோயிலில் சாப்பாடு போட்டார்கள், வளர்மதி வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி வந்தது.

அவள் அதன் பிறகு ஏலக்கூடத்துக்குப் போகவில்லை. சேகர் திரும்பி வந்து படகை விற்றார். காரைக்கால் டவுனில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்த்துப் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் அவளைக் கடைத்தெருவில் பார்த்தால் கூப்பிடுகிறார்களாம். இவள் நிற்பதில்லையாம். நித்யா சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

7

நான் பிரான்சுக்குத் திரும்பி வந்த அன்று தெரேஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. “பாவம் வளர்மதி” என்றாள். கொஞ்சநேரம் கழித்து, “பாவம் அந்த அம்மா” என்றாள். அந்த வருடத்திலிருந்து விடுமுறைக்கு அவள் எங்கள் ஊர்ப்பக்கம் போவதில்லை. அவளுடைய கிராமத்துக்கு மட்டும் போய்விட்டு வருகிறாள். நானும் அவளைக் கேட்பதில்லை.

ஆனி அப்படி விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அத்தையோடு பேசியவள், தமிழில் வார்த்தை தேடித் தேடி, “அத்தே, நீங்க ஏன் பொய் பேசினீங்க?” என்று கேட்டுவிட்டாள். நான் போனைப் பிடுங்கப் போனேன். அதற்குள் மறுமுனையில் பதில் வந்தது.

“ஆமாம்மா. பொய்தான் சொன்னேன்.”

ஆனி அழுதாள். பிறகு என்னிடம் பிரெஞ்சில் சொன்னாள், கோபம் வந்தால் அவளுக்கு அதுதான் வரும். “நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள் அப்பா? உங்கள் வேலை என்ன, பெஞ்சில் உட்கார்ந்திருப்பதா?” அதற்குப் பிறகு தமிழ் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். வீட்டில் இட்லி அவிக்கும் நாட்களில் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவாள். இந்தப் பிள்ளைகள் விலகிப் போவதைப் பற்றி இங்கே எங்கள் தலைமுறை பேசாத நாளில்லை. இந்த ஊர்தான் இழுத்துக்கொண்டது, பள்ளிக்கூடம்தான் மாற்றிவிட்டது என்பார்கள். என் மகள் எதனால் விலகினாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்வதில்லை.

இந்தக் கோடையில் ஆனி தனியாக இந்தியாவுக்குப் போனாள். எங்களிடம் டிக்கெட் எடுத்த பிறகுதான் சொன்னாள். அம்மாவின் கிராமத்துக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக வளர்மதியின் வீட்டுக்குப் போய்த் தங்கினாள். வளர்மதி டவுனில் ஒரு பள்ளியில் சமையல் வேலைக்குப் போகிறாள் என்பதே ஆனி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனி கூப்பிட்டாள், அத்தையோடு இருந்து தேறிய தமிழில்.

“அப்பா, அத்தை என்னை அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.”

“யார் வீட்டுக்கு?”

“டேவிட் வீட்டுக்கு.”

வளர்மதி அந்த வீட்டுக்கு ரொம்ப நாளாகப் போய்க்கொண்டிருக்கிறாளாம். பஸ் பிடித்து, நெரவியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து. ஞானம்மாள் கதவைத் திறப்பதில்லை. இவள் வாசலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். சவரிராஜ் வீட்டில் இருந்தால், “வேணாம்மா, வராதீங்க” என்பார். இவள் சரி என்பாள். மறுபடியும் போவாள்.

“எதுக்குப் போறா? மன்னிப்புக் கேக்கவா?”

“இல்லப்பா. அந்த அண்ணன் கீழ விழுந்து கிடந்தப்ப அத்தை கிட்டப் போயிருக்காங்க. தலையத் தூக்கி மடியில வச்சுத் தண்ணி குடுத்திருக்காங்க. அவர் என்னமோ சொன்னாராம். அத அவங்க அம்மாகிட்ட சொல்லணும்னுதான் போறாங்க. கோர்ட்ல சொல்ல முடியாமப் போச்சுல்ல.”

பாத்ததப் பாத்தேன்னு சொல்லு என்று அவளிடம் சொன்னவன் நான். அவள் என்ன பார்த்தாள் என்று, அன்றைக்கும் சரி, அதற்குப் பின்னால் இத்தனை வருடத்திலும் சரி, ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

“இன்னிக்கு அந்த அம்மா கதவைத் திறந்தாங்க அப்பா” என்றாள் ஆனி. “நான் யாருன்னு கேட்டாங்க. சொன்னேன். ரெண்டு பேரையும் உள்ள வரச் சொன்னாங்க. அத்தை தரையில உக்காந்தாங்க. அந்த அம்மாவும் தரையில உக்காந்தாங்க. நான் வெளிய வந்துட்டேன். ரொம்ப நேரம் ஆச்சு. என்ன பேசினாங்கன்னு தெரியாது. வரும்போது அத்தை பஸ்ல தூங்கிட்டாங்க.”

மறுநாள் வேலை முடிந்ததும் பள்ளி வாசலில் நின்றபடியே வளர்மதியைக் கூப்பிட்டேன். சாப்பிட்டியா, சேகர் எப்படி இருக்கார், ஆனி தொந்தரவு பண்றாளா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு கேட்டேன்.

“வளரு, அன்னிக்கு நீ என்ன பாத்த? அந்தப் பையன் என்ன சொன்னான்?”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குழாயை மூடினாள்.

“சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டேண்ணே” என்றாள். “ஒனக்கு எதுக்கு அது?”